பழிவாங்கும் நாயகனும் நீதி கேட்கும் மக்களும்

(கொல்கத்தா டாக்குரியாவில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2025 மார்ச் மாதத்தில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் ‘காக்கி: தி பெங்கால் சேப்டர்’ என்னும் தொடர் வெளியானது. கதை நிகழும் இடம் கொல்கத்தா. காலம் 2000-த்தின் தொடக்க ஆண்டுகள். நகரத்தை ரவுடிக் கும்பல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவற்றுக்கு மேலே, வெள்ளை உடையில், ஓர் அரசியல் தலைவர் அமர்ந்திருக்கிறார். நேர்மையான காவல் அதிகாரி ஒருவர் கொல்லப்படுகிறார். அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். விதிப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கணக்குத் தீர்க்கத் தொடங்குகிறார். ஜீத், பிரசேன்ஜித், சாஸ்வத சட்டர்ஜி என்று வங்கத் திரையின் முன்னணி நடிகர்கள் நடித்த இந்தத் தொடர், மொழிமாற்றக் குரலோடு தமிழ்நாட்டின் வீடுகளுக்குள்ளும் சென்றது.

இத்தொடரை உருவாக்கியவர் நீரஜ் பாண்டே. தமிழ் ரசிகர்களுக்கு அவர் வேறொரு வழியாக ஏற்கெனவே அறிமுகமானவர். 2008-ல் அவர் இயக்கிய ‘எ வெட்னஸ்டே’ படமே 2009-ல் தமிழில் ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆயிற்று. பெயரில்லாத ஒரு சாதாரண மனிதன், கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் அமர்ந்து, நீதிமன்றம் செய்யாததைத் தானே செய்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். காவல்துறை அதிகாரி அவனை மனத்துக்குள் வணங்கி அனுப்பிவைக்கிறார். திரையரங்கம் கைதட்டுகிறது.

தமிழ்ச் சினிமாவுக்கு இந்தக் கைதட்டல் புதிதன்று. 1996-ல் ‘இந்தியன்’, 2002-ல் ‘ரமணா’, 2005-ல் ‘அந்நியன்’ என்று நீண்ட வரிசை உண்டு. தவறு செய்கிறவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் ஒற்றை மனிதனே இவற்றின் நாயகன். அந்த மனிதன் இன்று ஓடிடி தொடர்களில் இருண்ட ஒளியமைப்போடும் கூடுதல் ரத்தத்தோடும் மறுபிறவி எடுத்திருக்கிறான். கட்சி உறுப்பினர்களின் வீடுகளிலும் இரவு பத்து மணிக்கு மேல் இத்தகைய தொடர்களே ஓடுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்குத்தானே என்று ஒதுக்கிவிட்டுப் போவதும் சரியல்ல. ஊழல் என்றால் என்ன, குற்றவாளி யார், நீதி எப்படி வரும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் இத்தொடர்கள் விடை சொல்கின்றன. அந்த விடைகளைக் கோடிக்கணக்கானோர் ஏற்றுக்கொள்கின்றனர்.

கைதட்டலுக்குப் பின்னால் இருக்கும் கோபம்

கைதட்டுகிற மக்கள்மீது கோபப்படுவதில் பயனில்லை. அவர்களுடைய ஆத்திரத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்திய நீதிமன்றங்களில் 5 கோடிக்கும் அதிகமான வழக்குகள் நிலுவையில் கிடக்கின்றன. சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள். தலித்துகளும் பழங்குடியினரும் சிறுபான்மையினரும் மக்கள்தொகையில் தமக்குரிய விகிதத்தைக் காட்டிலும் சிறையில் அதிகமாக இருக்கின்றனர். பணம் படைத்தவருக்கு முன்ஜாமீன், பணம் இல்லாதவருக்கு ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகை கட்ட வழியில்லை என்பதே அன்றாட அனுபவம். இந்த அனுபவத்தோடு வீடு திரும்புகிற மனிதர், திரையில் ஒரு மந்திரி அடிவாங்குவதைப் பார்த்து மகிழ்கிறார். அவருடைய கோபம் நியாயமானது.

அந்த நியாயமான கோபத்தை எந்தத் திசைக்கு இத்தொடர்கள் ஓட்டிச் செல்கின்றன என்பதுதான் ஆராயப்பட வேண்டியது. அதற்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. இந்த டாக்குரியாவிலேயே தொடங்கலாம்.

டாக்குரியா, 2011 டிசம்பர் 9

அன்று அதிகாலை மூன்றரை மணியளவில், டாக்குரியாவின் ஆம்ரி தனியார் மருத்துவமனையின் இணைப்புக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பற்றியது. வாகனங்கள் நிறுத்துவதற்கான இடம் அது. ஆனால் எளிதில் தீப்பற்றும் பொருள்களின் கிடங்காக அது பயன்படுத்தப்பட்டு வந்தது. மேல்தளங்களுக்கு நெருப்பு செல்லவில்லை, புகை சென்றது. குளிரூட்டும் குழாய்களின் வழியே ஒவ்வொரு அறைக்கும் சென்றது. கட்டடம் முழுவதும் கண்ணாடியால் மூடப்பட்டிருந்ததால் புகை வெளியேற வழியில்லை. எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் படுக்கையிலேயே மூச்சுத்திணறி இறந்தனர். 90-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

புகையை முதலில் கண்டவர்கள் மருத்துவமனையை ஒட்டிய பஞ்சானன்தலா குடிசைப் பகுதி மக்கள். உதவிக்கு ஓடிவந்த அவர்களைப் பாதுகாவலர்கள் முதலில் உள்ளே விடவில்லை என்பதை அன்றைய செய்திகள் பதிவு செய்துள்ளன. பின்னர் அதே மக்கள்தாம் மூங்கில்களையும் கயிறுகளையும் கொண்டுவந்து, மதிலேறி, கண்ணாடிகளை உடைத்து, நோயாளிகளைத் தோளில் சுமந்து இறக்கினர். அந்த மருத்துவமனையில் ஒரு நாள் படுக்கைக் கட்டணம் செலுத்தவும் வசதியில்லாத மக்கள், அங்கே படுத்திருந்தவர்களின் உயிரைக் காத்தனர். உள்ளே, கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இளம் செவிலியர் இருவர், எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டு, அடுத்தவரைக் காப்பாற்ற முயன்றபோது உயிரிழந்தனர்.

இந்த நிகழ்வை ஓர் இருண்ட தொடருக்குக் கதையாக்கினால் என்ன ஆகும்? இறந்தவர்களில் ஒருவருடைய மகனோ கணவனோ துப்பாக்கி எடுப்பான். முதல் பகுதியில் உரிமம் வழங்கிய அதிகாரி சாவான். நான்காம் பகுதியில் மருத்துவமனையின் இயக்குநர் சாவார். எட்டாம் பகுதியில் அவர்களையெல்லாம் காத்த அமைச்சர் சாவார். பார்வையாளர் பெருமூச்சு விட்டு விளக்கை அணைப்பார். ‘இந்தியன்’ படத்தின் மையக் கதையும் ஏறத்தாழ இதுவே. பிரேக் பழுதான பேருந்துக்கு லஞ்சம் வாங்கிக்கொண்டு தகுதிச் சான்று கொடுத்த மகனை, அந்தப் பேருந்தில் குழந்தைகள் இறந்த குற்றத்துக்காகத் தந்தையே கொல்கிறார்.

பஞ்சானன்தலா மக்களுக்கு அந்தத் தொடரில் என்ன வேடம் கிடைக்கும்? முதல் பகுதியில் கூட்டமாக ஓடுகிற காட்சி. அவ்வளவுதான். உண்மையான டாக்குரியாவில் அன்று உயிர் காத்த வர்க்கம், திரையில் பின்னணியாகிவிடுகிறது. தனிமனித நாயகனின் கதைக்குள் மறைந்திருக்கும் முதல் அநீதி இதுதான்.

இரண்டாவது அநீதி இன்னும் ஆழமானது. ஆம்ரியில் இறந்தவர்களைக் கொன்றது யார்? அடித்தளத்தை வாகன நிறுத்தமாக விட்டால் வருமானம் குறைவு. கிடங்காக்கினால் இடம் மிச்சம். இரவுப் பணிக்குப் போதிய பயிற்சி பெற்ற ஆட்களை அமர்த்தினால் செலவு. தீயணைப்பு ஒத்திகை நடத்தினால் செலவு. ஆய்வு செய்யும் துறையில் போதிய ஆய்வாளர்களை நியமித்தால் அரசுக்குச் செலவு. இந்தச் சிறு கணக்குகள் அனைத்தும் சேர்ந்து ஒரு கட்டடத்தை நச்சுப் புகைக் கூண்டாக மாற்றின. இந்த மருத்துவமனை மாநில அரசும் சிறு பங்குதாரராக இருந்த கூட்டு முயற்சியாகத் தொடங்கப்பட்டது என்பதையும், அந்த ஏற்பாடு இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் உருவானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இலாபத்துக்கான மருத்துவத்தோடு கைகோத்த பின் அதைக் கண்காணிப்பது எளிதல்ல என்ற பாடம் எல்லாருக்கும் பொதுவானது.

தீவிபத்துக்குப் பின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. இயக்குநர்கள் கைது செய்யப்பட்டு, பிறகு ஜாமீனில் வெளிவந்தனர். 2012-ல் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. பத்து ஆண்டுகள் கடந்த பின்னும் வழக்கில் தீர்ப்பு வரவில்லை. மருத்துவமனை சில ஆண்டுகளிலேயே மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. 2023-ல் அக்குழுமத்தின் பெரும்பங்கு மணிப்பால் குழுமத்தின் கைக்கு மாறியது, பெயர்ப்பலகையும் மாறியது. மூலதனம் நகர்ந்துவிட்டது, குடும்பங்கள் நீதிமன்ற வாசலிலேயே நிற்கின்றன.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் கருகினர். கூரை கீற்று; வழி குறுகல். தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014-ல் வந்தது. 2017-ல் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் தண்டனைகளைக் குறைத்தது, பலரை விடுவித்தது. கும்பகோணத்திலும் டாக்குரியாவிலும் ஓர் ஆளைச் சுட்டிருந்தால் ஒரு நாற்காலி காலியாகியிருக்கும். அந்த நாற்காலியில் மறுநாள் இன்னொருவர் உட்கார்ந்து அதே கோப்பில் கையொப்பமிட்டிருப்பார்.

பெட்டியில் அடங்காத ஊழல்

இத்தொடர்கள் ஊழலைக் காட்டும் விதத்தையும் கவனிக்க வேண்டும். திரையில் ஊழல் என்றால் பணப்பெட்டி, பண்ணை வீடு, அடியாள், தொலைபேசி மிரட்டல். கெட்டவன் ஒருவன் இருக்கிறான். அவனால் நாடு கெட்டது.

கொல்கத்தாவில் உண்மையிலேயே பணக்குவியலைத் தொலைக்காட்சி காட்டியது. 2022 ஜூலையில், பள்ளி ஆசிரியர் நியமன ஊழலில் மேற்கு வங்கத்தின் முன்னாள் கல்வி அமைச்சர் பார்த்தா சட்டர்ஜி கைதானார். அவருக்கு நெருக்கமானவரின் அடுக்ககங்களிலிருந்து ஏறத்தாழ 50 கோடி ரூபாய் ரொக்கம் எடுக்கப்பட்டது. கட்டுக்கட்டாக அடுக்கப்பட்ட நோட்டுகளை நாடே பார்த்தது. எந்தத் தொடரும் அதைவிடச் சிறப்பாக அரங்கம் அமைத்திருக்க முடியாது.

அந்தக் காட்சிக்கு முந்தைய கதை தொலைக்காட்சியில் வரவில்லை. தகுதிப் பட்டியலில் இடம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞர்களும் பெண்களும் மாயோ சாலையில் காந்தி சிலையருகே ஆயிரம் நாள்களுக்கும் மேலாக உட்கார்ந்திருந்தனர். வெயிலிலும் மழையிலும், துர்கா பூஜைக் காலத்திலும் உட்கார்ந்திருந்தனர். மதிப்பெண் பட்டியலை ஒப்பிட்டனர். தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தினர். நீதிமன்றம் சென்றனர். அந்த அமைச்சரின் கதவைத் தட்டிய கை இவர்களுடைய போராட்டத்தின் கைதான்.

2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனங்கள் அனைத்தையும் ரத்து செய்தது. ஏறத்தாழ 25,750 ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலையிழந்தனர். லஞ்சம் கொடுக்காமல் தம் மதிப்பெண்ணால் வேலை பெற்றவர்களும் அதில் அடக்கம். ஊழலின் முழுச் சுமையையும் ஊழல் செய்யாதவரும் சுமந்தனர். எந்த நாயகனின் துப்பாக்கியும் இவர்களுக்கு வேலையைத் திருப்பித் தர முடியாது. வெளிப்படையான நியமன முறையும் காலியிடங்களை உடனுக்குடன் நிரப்பும் அரசுக் கொள்கையுமே தர முடியும்.

பணக்குவியல் கண்ணுக்குத் தெரியும் ஊழல். கண்ணுக்குத் தெரியாத பெரிய ஊழலுக்கு அரசே ரசீது கொடுத்தது. 2018 முதல் பாரத ஸ்டேட் வங்கியின் வழியே தேர்தல் பத்திரங்கள் விற்கப்பட்டன. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் இந்த வழியில் கைமாறியது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இத்திட்டம் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. வெளியான பட்டியலில் முதலிடத்தில் பாஜகவும், இரண்டாம் இடத்தில் திரிணாமூல் காங்கிரசும் இருந்தன. இதில் பெட்டி இல்லை, பண்ணை வீடு இல்லை, அடியாள் இல்லை. அனைத்தும் சட்டப்படி நடந்தன. இதனை எந்தப் பகுதியில், யாரைச் சுட்டுத் தீர்ப்பது? இருண்ட தொடர் இந்த இடத்தில் ஊமையாகிவிடுகிறது. தனிமனிதர்களின் பேராசையாக மட்டுமே ஊழலைக் காட்டத் தெரிந்த கலைக்கு, ஆளும் வர்க்கத்தின் வழக்கமான நிர்வாக முறையாக ஊழல் இருப்பதைக் காட்டும் மொழி இல்லை.

துப்பாக்கி யாரை நோக்கித் திரும்புகிறது?

திரையில் நாயகனின் குறி தவறுவதில்லை. அவன் கொல்கிறவன் கட்டாயம் குற்றவாளி. பார்வையாளர் அதை முன்கூட்டியே பார்த்துவிட்டார். வாழ்க்கையில் அப்படி முன்கூட்டிப் பார்க்கும் வசதி யாருக்கும் இல்லை. அதனால்தான் விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு ஆகியவற்றை மனிதகுலம் நூற்றாண்டுகளாகப் போராடி உருவாக்கியது.

2019 நவம்பரில் ஐதராபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 அன்று, பிடிபட்ட நால்வரும் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்கள்மீது பூமாரி பொழிந்தனர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றது ஆணையம். இறந்த நால்வரில் மூவர் நிகழ்வின்போது சிறார்கள் என்றும், காவலர்கள் 10 பேர்மீது கொலை வழக்குத் தொடர வேண்டும் என்றும் கூறியது. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதை நீதிமன்றத்தில் நிறுவும் வாய்ப்பு அன்றே புதைக்கப்பட்டது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல்நிலையத்தில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தனர். ஊரடங்கு நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டதே அவர்கள்மீதான குற்றச்சாட்டு. அப்போது ‘சாமி’, ‘சிங்கம்’ வரிசைப் படங்களின் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார். விதியை மீறும் அதிகாரியைத் தெய்வமாக்கும் கலை எங்கே போய் முடிகிறது என்பதை அந்தக் கலையைச் செய்தவரே உணர்ந்த தருணம் அது.

கும்பல் கையில் எடுக்கும் நீதியும் இதே திசையில்தான் செல்கிறது. 2018-ல் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த காரணத்தால் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். கொல்கத்தாவில் 2014 நவம்பரில் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி விடுதியில் ஒருவரும், 2024 ஜூனில் பௌபஜார் பகுதியில் அரசு மாணவர் விடுதியில் இன்னொருவரும் கைபேசி திருடியதாகச் சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டனர். இரண்டாமவர் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் தொழிலாளி. அடித்தவர்கள் படித்த இளைஞர்கள். தாங்கள் அநீதி செய்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நீதி செய்வதாகவே நினைத்திருப்பார்கள்.

தேர்தல் பத்திரம் வாங்கிய முதலாளி எவரையும் எந்தக் கும்பலும் அடித்துக் கொன்றதில்லை. கைபேசித் திருட்டுச் சந்தேகத்துக்கு ஆளானவர்களும், வடமாநிலத் தொழிலாளிகளும், மாட்டு வணிகர்களும், சாதி மீறிக் காதலித்தவர்களுமே அடிபட்டுச் சாகின்றனர். சட்டத்துக்கு வெளியே நீதி தேடும் பாதை, நடைமுறையில் எப்போதும் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கிறது. அடித்துக் கொல்வதைத் தடுக்க மேற்கு வங்கச் சட்டமன்றம் 2019-ல் மசோதா நிறைவேற்றியது. நாட்டில் அதற்கென வலுவான இயக்கம் எழும்வரை மசோதாக்கள் காகிதமாகவே கிடக்கும்.

வெண்மணியும் வாச்சாத்தியும்

பழிவாங்கலைப் பற்றிப் பேசும்போது கீழ்வெண்மணியைத் தாண்டிச் செல்லத் தமிழ்த் தோழர்களால் முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு 44 தலித் விவசாயக் கூலிகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970-ல் நிலப்பிரபு கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை விதித்தது. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வந்தர்களான மிராசுதாரர்கள் தாமே நேரில் நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாயிருக்கிறது என்பது நீதிமன்றம் கூறிய காரணங்களில் ஒன்று. 1980 டிசம்பரில் அந்த நிலப்பிரபு வெட்டிக் கொல்லப்பட்டார்.

அந்த மரணச் செய்தி கேட்டுக் கலங்கியவர் கீழத்தஞ்சையின் சேரிகளில் எவரும் இருந்திருக்க மாட்டார். அதைப் புரிந்துகொள்ள முடியும். ஆயினும் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இது. கூலி உயர்வைக் கொண்டுவந்தது எது? வெண்மணிக்கு முன்பே தொடங்கி, வெண்மணிக்குப் பின்னும் பின்வாங்காத செங்கொடிச் சங்கத்தின் போராட்டம். அந்த அழுத்தத்தின் கீழ்தான் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தது சங்கத்தால். வெட்டரிவாள் ஒரு மிராசுதாரரை அகற்றியது. மிராசுதாரிமுறையை அசைத்தது அணிதிரண்ட கூலிகளின் சக்தி.

வாச்சாத்தியின் கதை இன்னும் தெளிவானது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைக் கிராமத்துக்குள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். அரசும் அதிகாரிகளும் எல்லாவற்றையும் மறுத்தனர். மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்ட் இயக்கமும் அந்த மக்களோடு நின்று, மனு எழுதி, வழக்குத் தொடுத்து, மத்தியப் புலனாய்வு விசாரணையைப் பெற்றன. 19 ஆண்டுகளுக்குப் பின், 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேர் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எந்தத் தொடரின் நாயகனாவது 269 அரசு ஊழியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறானா? படிப்பறிவு மறுக்கப்பட்ட பழங்குடிப் பெண்கள் ஏற்றினார்கள். முப்பது ஆண்டுகள் வாக்குமூலம் மாற்றாமல், மிரட்டலுக்கும் பணத்துக்கும் பணியாமல் நின்றார்கள். அது காலம் தாழ்ந்த நீதி என்பது உண்மை. தாமதத்துக்குப் பொறுப்பு அரசு. ஆனால் வந்த நீதி முழுமையானது. யார் யார் செய்தார்கள் என்பது ஏட்டில் ஏறியது. இன்னோர் ஊருக்குள் நுழையும் எந்த அதிகாரிக்கும் அது எச்சரிக்கையாக நிற்கிறது.

வங்கத்தின் பாடம்

தனிமனிதத் துணிச்சலை வங்கத்துக்குக் கற்பிக்க எந்தத் தொடரும் தேவையில்லை. 1930-ல் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய இளைஞர்களின் மண் இது. அவர்கள் கோழைகள் அல்லர். சட்டப்படி நடந்த அந்நிய ஆட்சியின் அநீதியைத் தோட்டாவால் எதிர்கொண்டவர்கள். அந்த வீரர்களில் பலர் அந்தமான் சிறையில் மார்க்சியத்தைக் கற்றனர். வெளியே வந்ததும் கணேஷ் கோஷ், அம்பிகா சக்ரவர்த்தி, கல்பனா தத் போன்றோர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து தொழிலாளர்களையும் விவசாயிகளையும் திரட்டும் பணியில் இறங்கினர். கணேஷ் கோஷை 1967-ல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது இந்தத் தெற்குக் கல்கத்தாத் தொகுதிதான். பகத்சிங்கும் 1931-ல் தூக்குமேடைக்குச் சில வாரங்களுக்கு முன் இளம் அரசியல் ஊழியர்களுக்கு எழுதியபோது, ஆலைகளுக்கும் வயல்களுக்கும் சென்று மக்களைத் திரட்டுவதையே வழியாகக் காட்டினார். துப்பாக்கியைக் கையிலேந்தி அதன் எல்லையை அறிந்தவர்கள் வந்தடைந்த முடிவு இது.

அந்தப் பாடத்தின் இன்றைய உருவத்தை 2024-ல் கொல்கத்தா கண்டது. ஆகஸ்டு 9 அன்று ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 14 நள்ளிரவில் பல்லாயிரம் பெண்கள் தெருக்களுக்கு வந்தனர். மாநில அரசின் விடை என்ன? செப்டம்பர் 3 அன்று சட்டமன்றத்தில் ‘அபராஜிதா’ மசோதா. அதன் மையத்தில் தூக்குத் தண்டனை. தொடரின் இறுதிக் காட்சியை அரசே எழுதித் தர முன்வந்தது போன்றது அது. கயிறு ஒன்று, கழுத்து ஒன்று, கதை முடிந்தது.

இளம் மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. அக்டோபரில் எஸ்பிளனேடில் உண்ணாவிரதம் இருந்து பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தனர். கொலையுண்டவருக்கு விரைவான நீதி, மருத்துவமனைகளில் ஓய்வறையும் கழிப்பறையும் கண்காணிப்பும், காலிப் படுக்கைகளை வெளிப்படையாகக் காட்டும் முறை, நோயாளிகளை அனுப்பிவைக்கும் மையப்படுத்தப்பட்ட ஒழுங்கு, காலிப் பணியிடங்களை நிரப்புதல், மாணவர் பேரவைத் தேர்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். பழிவாங்கும் கதை கேட்பது ஒரு தலையை. இயக்கம் கேட்டது, இன்னொரு பெண் அப்படிச் சாகாத ஒரு மருத்துவமனையை. 2025 ஜனவரியில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கல்லூரியின் முன்னாள் முதல்வர்மீது நிதிமுறைகேட்டு வழக்கும் நடக்கிறது. பத்துக் கோரிக்கைகளின் கணக்கு இன்னும் முடியவில்லை.

செய்ய வேண்டியவை

தோழர்களே! இத்தகைய தொடர்களைத் தடைசெய் என்பது இடதுசாரிகளின் கோரிக்கையாக இருக்க முடியாது. பார்க்காதே என்று குடும்பத்தாரைக் கடிந்துகொள்வதும் பயன்தராது. உடன் அமர்ந்து பார்க்கலாம். பார்த்து முடித்தபின் பேசலாம். கொல்லப்பட்டவனுக்குப் பின் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார்? அந்த ஊழலால் இலாபம் அடைந்த முதலாளி திரையில் எங்கே? அந்தத் தெருவின் தொழிலாளிகளும் பெண்களும் கதையில் என்ன செய்தார்கள்? இந்த மூன்று கேள்விகளை ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் இளைஞர் அமைப்பிலும் எழுப்பலாம். 2021-ல் ‘ஜெய்பீம்’ வெளிவந்தபோது, காவல் சித்திரவதையில் இறந்த ராஜாக்கண்ணுவுக்காக நடந்த உண்மையான சட்டப் போராட்டத்தைத் தமிழ்நாடே பேசியது. இயக்கங்களின் கதையும் மக்களைக் கட்டிப்போடும் என்பதற்கு அதுவே சான்று. வாச்சாத்திக்கும் மாயோ சாலைக்கும் பஞ்சானன்தலாவுக்கும் அத்தகைய கலைஞர்கள் தேவை.

அதைவிட உடனடியான வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக் கிளையும் தன் எல்லைக்குள் உள்ள மருத்துவமனை, பள்ளி, திருமண மண்டபம், பனியன் ஆலை, பட்டாசு ஆலை ஆகியவற்றின் தீயணைப்புத் தடையின்மைச் சான்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். அடித்தளத்தில் என்ன இருக்கிறது, அவசர வழி பூட்டியிருக்கிறதா, இரவுப் பணியில் எத்தனை பேர் என்று அங்கே பணிபுரியும் தொழிலாளர்களின் சங்கத்தோடு சேர்ந்து பட்டியலிடலாம். இதில் இருண்ட ஒளியமைப்பும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் 2011 டிசம்பர் 8 அன்று டாக்குரியாவில் யாரேனும் ஒருவர் கையில் இருந்து, அதன் பின்னால் ஒரு சங்கமும் இருந்திருந்தால், மறுநாள் காலையில் 90-க்கும் மேற்பட்டோர் உயிரோடு இருந்திருப்பார்கள்.